பொக்சிங்கா, முவே தாயா, ஜூடோவா: தங்கச்சி கேட்டதற்குப் பதில்

சித்தப்பாவின் மகள் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். நான் தேத்தண்ணீர் ஆற்றி முடிப்பதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அண்ணா, நான் ஒருக்கா எண்டாலும் போட்டியில இறங்க வேணும். எதில சேருறது?"

வயது 27. வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில். பள்ளியில் வலைப்பந்து விளையாடியவள். அதற்குப் பிறகு ஓட்டம் என்றால் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுதான். போனில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள்: பொக்சிங், முவே தாய், கராத்தே, ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நல்லது, கெட்டது என்று இரண்டு நிரல். கணக்காளர்களுக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.

அவளுக்கு அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் நாலு வருடம் கராத்தே. 24 வயதிலிருந்து ஐந்து வருடம் பொக்சிங். நாலு போட்டி, ஒரு வெற்றி. இடையில் ஏழு மாதம் முவே தாய். 30க்குப் பிறகு ஜியு-ஜிட்சு, பக்கத்தில் கொஞ்சம் ஜூடோ. இப்போது 36. வீட்டில் என் பதக்கங்களை வைக்கத் தனி அலுமாரி தேவைப்படவில்லை.

அவளுடைய இரண்டு நிரலையும் நான் கேள்வி கேட்டே குழப்பினேன். எந்தச் சண்டை விளையாட்டாக இருந்தாலும், எதிரில் இருப்பவர் உண்மையாக எதிர்க்கும்போது செய்து பார்த்தால்தான் உடம்பில் ஏறும். பையைக் குத்துவதும் காற்றில் உதைப்பதும் எழுத்துப் பழகுவது மாதிரி. கடிதம் எழுதுவது வேறு. அப்படி உண்மையாகச் செய்து பார்க்கும்போது ஆரம்பத்தில் தோற்றுக்கொண்டே இருப்பாய். சரி, ஒரு பின்னேரத்தில் எத்தனை தடவை தோற்றுவிட்டு அடுத்த நாள் காலை எட்டரைக்கு எக்செல் முன்னால் தெளிந்த தலையோடு உட்கார உன்னால் முடியும்? ஐந்து விளையாட்டுக்கும் இதற்கு ஐந்து வேறு பதில். மாதக் கட்டணம், தூரம், உடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

பொக்சிங்

அவளுக்கு ஆசை இதில்தான். உண்மையைச் சொன்னால் எனக்கும் இன்னும் இதில்தான்.

கொழும்பில் பொக்சிங் நேற்று வந்த சங்கதி அல்ல. பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் தொடங்கியது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்ரிகஸ் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த ஆறு பதக்கங்களில் மூன்று பொக்சிங்கில் வந்தவை. அதில் ஒரு வெண்கலம் அனுஷா கொடிதுவக்கு என்ற பெண்ணுடையது. இந்தப் பழமையால் ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை, பழைய தொங்கு பையும் ஒட்டுப்போட்ட கிளவ்ஸும் இருக்கிற ஒரு சின்ன மண்டபத்தில்கூட விஷயம் தெரிந்த கோச் ஒருவர் இருப்பார். தீமை, நீ 27 வயதில் தொடங்கிப் போட்டிக்குப் போனால், எதிர்மூலையில் நிற்பவர் பாடசாலைக் காலத்திலிருந்தே குத்துகிறவராகவோ, முப்படைகளில் ஒன்றின் அணியில் காலையும் மாலையும் பயிற்சி எடுப்பவராகவோ இருக்கலாம். என் முதல் எதிராளி இராணுவப் பையன். எடை பார்க்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான், நல்ல பிள்ளை. ரிங்கில் சிரிக்கவில்லை.

முதல் மூன்று மாதம் யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். கையில் துணி சுற்றப் பழக்குவார்கள். பெருவிரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்குகளுக்குள் ஓட்டி, முட்டிகளின் மேல் மூன்று நாலு சுற்று. நாலரை மீட்டர் துணி. முதலில் இதற்கே பத்து நிமிடம் போகும், பிறகு கோச்சோடு கதைத்துக்கொண்டே சுற்றலாம். கயிறடிப்பது, இடது கையை நேராக நீட்டுவது, நீட்டிய கையைக் கன்னத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஐந்து வருடத்திலும் முழுதாக வரவில்லை. "அத உஸ்ஸன்ன மல்லி," கையைத் தூக்கு தம்பி என்று கோச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்.

போட்டி என்பது மூன்று சுற்று. பெண்களுக்கும் இப்போது சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஒன்பது நிமிடம் என்று கேட்கும்போது சிரிப்பு வரும். என் முதல் போட்டியில் முதல் சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது வாயில் இருந்த பல்காப்பைக் கோச் உருவி எடுத்துத் தண்ணீரில் அலசினார். அவர் உதடு அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட ஒரே வசனம் "ஹுஸ்ம கன்ன," மூச்சு எடு. மூச்சு எடுப்பதை மறந்துவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் மூக்கில் ஒன்று விழுந்தது. வலி பெரிதில்லை, ஆனால் கண் தானாகவே நீர் கொட்டத் தொடங்கியது. அழவில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஐந்து நடுவர்களும் அவனுக்கே தந்தார்கள். அன்று இரவு எனக்கு இருந்த சந்தோஷம் மாதிரி ஒன்று பிறகு கிடைத்ததில்லை.

அதனால்தான் இதைப் பற்றி எழுதும்போது என்னையே நான் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. பொக்சிங்கில் தோற்பது தலையால் கட்டும் காசு. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், ஒவ்வொரு தவறுக்கும் தலையில் ஒரு தட்டு விழும். அடி விழாமல் பாடம் ஏறாது. பெண்கள் போட்டியிலும் தலைக்கவசம் அணிகிறார்கள். ஆண்களுக்கு மேல்மட்டப் போட்டிகளில் 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். கவசம் புருவம் வெடிப்பதைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. கவசம் போட்டால் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் போன இடங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் புதுசு பழசு பாராமல் எல்லாரையும் முழுப் பலத்தோடு மோதவிடுவார்கள். மனம் உறுதியாகுமாம். ஒரு வெள்ளி எனக்குக் காதுக்கு மேல் ஒரு ஹூக், பக்கவாட்டுக் குத்து, விழுந்தது. விழவில்லை, ஆட்டத்தைத் தொடர்ந்தேன், வீட்டுக்கும் பஸ்ஸிலேயே வந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் திரையைப் பார்த்தால் குமட்டல். ஒரு மின்னஞ்சலை நாலு தடவை வாசித்தும் என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை. டொக்டர் மூளையதிர்ச்சி என்றார். அமெச்சூர் விதிப்படி தலையில் அடிபட்டு நொக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கம் போகக்கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் 90 நாள். பயிற்சியில் வாங்கும் அடிக்கு எந்த நடுவரும் எண்ணிக்கை வைப்பதில்லை. அதை நீயேதான் வைக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை, மார்ச் 31 நிதியாண்டு முடிந்த கையோடு இரவு பத்து மணி மட்டும் கோப்போடு கிடக்கிறவளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

முவே தாய்

என் உடம்பு நன்றாக இறுகியிருந்தது அந்த ஏழு மாதத்தில்தான். கை, முழங்கை, முழங்கால், கால் என்று எட்டு ஆயுதம். பேடுக்கு, மற்றவர் கையில் பிடித்திருக்கும் தடித்த மெத்தைக்கு, உதைக்கும்போது மண்டபமே அதிரும். முதல் நாளே சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். பொக்சிங்கில் அந்த நாள் வர ஆறு கிழமையாவது ஆகும். அமெச்சூர் போட்டியில் முழங்கைக்கும் காலெலும்புக்கும் உறை போடுகிறார்கள். சுற்றுகள் மூன்று. நுணுக்கமாக வெறுமே தட்டுவதைவிட எதிராளியின் சமநிலை குலையும்படி விழும் அடிக்கே மதிப்பு. கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிக்கும் பகுதி இருக்கிறதே, அது வெளியில் பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அடி தலைக்கு மட்டும் போகாமல் கால், வயிறு என்று பங்கிடப்படுவதால் தலைக்குக் கொஞ்சம் மிச்சம். நான் தொடையில் வாங்கிய உதையால் வெள்ளவத்தை ரயில் நிலையப் படியை ஒரு கிழமை பக்கவாட்டில் ஏறினேன். அது பரவாயில்லை, தொடையால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குறை வேறு. கொழும்பில் இதைப் பழகுகிறவர்களில் பெரும் பகுதி உடம்பு இறங்க வருகிறவர்கள். 55 கிலோவில், உன் அனுபவ அளவில், போட்டிக்குத் தயாரான இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. போட்டி வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கராத்தே பற்றி ஒரு பந்தி போதும். போட்டிகள் அதிகம், வகுப்புகளும் தெருவுக்குத் தெரு உண்டு. குமித்தே என்ற மோதலில் கைக்குத்துக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு உதைத்தால் இரண்டு, தலைக்கு உதைத்தால் மூன்று. எட்டுப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. அடியைக் கட்டுப்படுத்தித் தொட வேண்டும். கால் வேகத்துக்கும் தூரக் கணக்குக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பொக்சிங்கில் நான் வென்ற ஒரேயொரு போட்டியும் அந்தக் கராத்தே காலால் வென்றதுதான். ஆனால் 27 வயதில் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவளுக்கு அதில் வெட்கம் இல்லை, பொறுமைதான் இல்லை. வெட்டினோம். ஒலிம்பிக்கும் கராத்தேயை டோக்கியோவில் ஒருதடவை எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

சித்தப்பா இடையில் வந்து, "சிலம்படி பழகலாமே பிள்ளை, எங்கட கலை" என்றார். நியாயம்தான். ஆனால் அலுவலகம் விட்டு ஏழு மணிக்குப் போகக்கூடிய மாதிரி ஒழுங்காக நடக்கும் வகுப்பு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. பட்டியலிலேயே இருக்கவில்லை. அதற்கு முதலில் இரண்டு விளையாட்டு தெரிய வேண்டும்.

பிடித்து விழுத்துகிற இரண்டு

ஜூடோவையும் ஜியு-ஜிட்சுவையும் அவள் பட்டியலின் அடியில் போட்டிருந்தாள். குத்து இல்லையே என்ற குறை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜியு-ஜிட்சுவில் என் முதல் பின்னேரம். வயது 30, எடை 74 கிலோ, ஐந்து வருட பொக்சிங் திமிர். எதிரே ஒரு பல்கலைக்கழக மாணவி, பார்த்தால் 58 கிலோ இருக்கும், ஊதா நிறப் பட்டி, அதாவது பல வருடம் பழகியவள். மெத்தையில் முழங்காலில் இருந்து தொடங்கினோம். என் சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் கையை விட்டாள். உடுப்பைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். மறுகையும் வந்தது. முழங்கைகளைத் தன் இடுப்புப் பக்கம் இழுத்தாள், அவ்வளவுதான். தொண்டையில் வலி இல்லை, மூச்சுகூட வந்தது. ஆனால் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தத்தை நிறுத்துகிற பிடி அது என்று பிறகு சொன்னார்கள். அவள் தோளில் இரண்டு முறை தட்டினேன். உடனே விட்டாள். "சொரி அய்யா, ஓகேயா?" என்றாள். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணா. கைகொடுத்து மறுபடி தொடங்கினோம். ஆறு நிமிடத்தில் நாலு தடவை தட்டினேன்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு வேலைக்குப் போனேன். தலை தெளிவாக இருந்தது. நாலு தடவை முழுதாகத் தோற்றிருக்கிறேன். பொக்சிங்கில் அதே அளவு தோல்விக்கு மாதக்கணக்கில் ஸ்பாரிங் செய்து, தலையையும் கொடுத்திருக்க வேண்டும். தட்டினால் விட வேண்டும் என்ற ஒரு சின்ன விதிதான் வித்தியாசம். அந்த விதி இருப்பதால் இரண்டு பேரும் முழுப் பலத்தோடு மோதலாம், ஒரு பின்னேரத்தில் பத்துத் தடவை தோற்கலாம், பத்துத் தடவையும் ஏன் என்று யோசிக்கலாம்.

காயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது தெரியும். தட்டத் தாமதித்தால் முழங்கை போகும். காது தடித்துப் பூக்கோவா மாதிரி ஆகிவிடுவது உண்டு. ஈரமான மெத்தையால் தோலில் படை வரும். வந்தால் மறைக்காமல் இரண்டு கிழமை வீட்டில் நிற்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயங்கள்.

ஜூடோ இதன் தாய். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் தொடங்கினார். அவருடைய மாணவர் பரம்பரையைச் சேர்ந்த மிட்சுயோ மயெடா 1914இல் பிரேசிலுக்குப் போய், அங்கே கிரேசி குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வளர்ந்ததுதான் மற்றது. ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு. ஜூடோவில் நின்று எறிய வேண்டும். முதுகு மெத்தையில் படும்படி பலத்தோடும் கட்டுப்பாட்டோடும் எறிந்துவிட்டால் இப்போன், ஆட்டம் முடிந்தது. அல்லது 20 விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். காலைக் கையால் பிடித்து விழுத்தக் கூடாது. ஜியு-ஜிட்சுவில் விழுத்தியதற்கு இரண்டு புள்ளிதான். கால்களைத் தாண்டிப் போனால் மூன்று, மேலே ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ நாலு. அதனால் அவர்கள் தரையில் கிடந்து வேலை பார்க்கிறார்கள்.

வளர்ந்த உடம்புக்கு ஜூடோ கடினம். முதல் இரண்டு மாதமும் விழுவதற்குத்தான் வகுப்பு: மெத்தையைக் கையால் அறைந்துகொண்டு பின்னால், பக்கவாட்டில், உருண்டு. அது சரியாக வராமல் மோதப் போனால் தோள்பட்டை எலும்புக்கு ஆபத்து. நான் இறங்கிய ஒரே ஜூடோ போட்டிக்கு மூன்று மாதம் தயாரானேன். 11 விநாடியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மா வீடியோ எடுக்க போனைத் திறந்து முடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ஜூடோ மற்றதை அடித்துவிடும். அது ஒலிம்பிக் விளையாட்டு. சாமர தர்மவர்தன 2016இல் ரியோவுக்கும் பிறகு டோக்கியோவுக்கும் போனார். சங்கம், பாடசாலைகள், படைகள் என்று ஒரு ஏணி இருக்கிறது. பெண்களும் போட்டிக்கு வருகிறார்கள். கட்டணமும் கையைக் கடிக்காது. ஜியு-ஜிட்சு கொழும்பில் ஒரு சில இடங்களில்தான், மாதக் காசும் கூட.

எடையும் வயதும்

இது கணக்காளருக்கான பகுதி. அவள் 55 கிலோ. பொக்சிங்கில் 54 பிரிவுக்கு இறங்க வேண்டும், அல்லது 57இல் தன்னைவிடப் பெரியவளிடம் அடி வாங்க வேண்டும். ஜூடோவில் 57க்குக் கீழ், பிரச்சினை இல்லை. எடையும் முதல் நாள் பின்னேரமே பார்த்துவிடுவார்கள். ஜியு-ஜிட்சுவில் சர்வதேச விதிப்படி கி எனப்படும் அந்தத் தடித்த பருத்தி உடுப்போடு, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் தட்டில் ஏற்றுவார்கள். பெண்களின் ஃபெதர் பிரிவு 58.5 கிலோ. உடுப்புக்கு ஒன்றரை இரண்டு கிலோ போனாலும் சாப்பிட்டுவிட்டே போகலாம். தண்ணீர் குடிக்காமல் வற்றிப்போய்த் தட்டில் ஏறினால் அடுத்த பத்தாவது நிமிடம் மோத வேண்டும் என்பதால் அந்தத் தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. இது எனக்குப் பிடித்த விதி. என் இரண்டாவது பொக்சிங் போட்டி கந்தசஷ்டி வாரத்தில் வந்தது. நான் 64 கிலோவுக்கு இறங்கப் பட்டினி, அம்மா விரதத்தில் பட்டினி. அம்மாவுக்குப் புண்ணியம் கிடைத்தது. எனக்கு மூன்றாம் சுற்றில் கால் போனது.

வயதும் அப்படித்தான். பொக்சிங்கின் மேற்பிரிவு 19இலிருந்து 40 வரை ஒரே சட்டி. 33 வயதுக்காரி 20 வயதுக்காரியோடு மோத வேண்டும். ஜியு-ஜிட்சுவில் 30 வயதாகும் ஆண்டிலிருந்து மாஸ்டர் பிரிவு, ஜூடோவிலும் 30இலிருந்து மூத்தோர் பிரிவு. அதாவது பொக்சிங் என்றால் இந்த வருடமே தொடங்க வேண்டும், ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம் என்பதற்கில்லை. மற்ற இரண்டும் காத்திருக்கும். ஆசை பொக்சிங்கில் என்றால் இந்த வாதம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். அவளும் கவனித்தாள். "அப்ப இப்பவே பொக்சிங், முப்பதுக்குப் பிறகு உருளுறது. சரிதானே?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நான் செய்ததும் அதுதான். எனக்கு அந்தத் திங்கட்கிழமை மின்னஞ்சல் ஞாபகம் வந்தது.

காய்கிற பிரச்சினை

யாரும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் எதுவும் காயாது. பொக்சிங் கிளவ்ஸுக்குள் இரவு முழுக்க வீரகேசரியைச் சுருட்டி அடைத்து வைப்பேன். இல்லையென்றால் இரண்டு கிழமையில் கருவாட்டு வாசம். கி இன்னும் மோசம். மே, ஜூன் மழையில் தோய்த்துப் போட்டால் இரண்டு நாள் பல்கனியில் தொங்கும். கிழமைக்கு மூன்று வகுப்பு என்றால் இரண்டு கி கட்டாயம், அதுதான் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. பொக்சிங்கில் துணி, பல்காப்பு, ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவ்ஸ் வாங்கினால் நாலு வருடம் ஓடும். பல்காப்பில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம்.

பாஷை பற்றியும் கேட்டாள். நான் போன எல்லா இடத்திலும் வகுப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்துதான். தமிழில் கேட்கும் ஒரே சத்தம் நாம் வாய்க்குள் முணுமுணுப்பது. அது தடையாக இருந்ததில்லை. மூன்று மாதத்தில் இடுப்பு, தோள், திருப்பு, விடு என்று நூறு சிங்களச் சொல் தானாக வந்துவிடும். பாடசாலையில் பதினொரு வருடத்தில் வராதது.

எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும் சேர்வதற்கு முன் ஒரு வகுப்பு முழுதும் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கையுறை தரத்தையோ ஏசியையோ பார்க்க வேண்டாம். புதிதாய் வந்த ஒருவர் மீது மூத்தவர் ஒருவர் கொஞ்சம் அதிகமாய்ப் போகும்போது கோச் என்ன செய்கிறார் என்று பார். அவர் எழுந்து போய் நிறுத்தினால் சேரலாம். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடு. அப்புறம், ஸ்பாரிங் எந்த நாள், எவ்வளவு பலத்தோடு, தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்று கேள். கடைசிக் கேள்விக்கு நாள் எண்ணிக்கையில் பதில் வர வேண்டும்.

என் தீர்ப்பு ஜூடோ. அவளுக்கு, இந்த வேலையோடு, இந்த எடையில், ஒரு வருடத்துக்குள் ஒரு போட்டி என்ற இலக்கோடு என்றால் அதுதான். எதிராளி கிடைப்பாள், தலை தப்பும், காசு கட்டுப்படியாகும். ஜியு-ஜிட்சு அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பொக்சிங் பையைக் குத்த என்னோடு வரலாம், ஸ்பாரிங் இல்லாமல். இதுக்கு அவள் முகத்தைச் சுளித்தாள்.

சித்திக்கு இன்னும் தெரியாது. "மூக்கு உடைஞ்சா ஆர் பொறுப்பு?" என்ற கேள்வி வரும் என்று இருவருக்கும் தெரியும். ஜூடோவில் மூக்குக்கு யாரும் குறிவைப்பதில்லை என்று சொல்லலாம், தோள்பட்டை எலும்பைப் பற்றிச் சித்தி கேட்காத வரைக்கும். போன சனிக்கிழமை முதல் வகுப்புக்குப் போனாள். நகம் வெட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தேன், வெட்டாமல் போய் வாசலில் நின்று இன்னொரு பெண்ணிடம் நகவெட்டி வாங்கி வெட்டினாளாம். இரண்டு மணித்தியாலம் விழுந்தது மட்டும்தான். இரவு ஒன்பதரைக்கு என் வீட்டுக்கு வந்து நனைந்த கியை ஒரு கீல்ஸ் பையில் தந்துவிட்டுப் போனாள். இப்போது அது என் பல்கனியில் தொங்குகிறது. சித்தி வந்து கேட்டால் என்னுடையது என்று சொல்ல வேண்டுமாம். கைநீளத்தைப் பார்த்தாலே சித்திக்குத் தெரிந்துவிடும்.